அந்தியில் விடிந்த ரத்தம்

ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாய் என்று என் பேராசிரியர் சொல்லவில்லை. "ஒட்டும்போது கை தவறியிருக்கலாம், இல்லையா?" என்றுதான் கேட்டார். நோர்வேக்காரர்கள் ஏசுவதே அப்படித்தான். குரல் உயராது, காப்பிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். அன்றைக்கு அந்தக் கோப்பை மேசை விளிம்புவரை போய்விட்டது.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். வளர்ந்ததும் இப்போது சம்பளம் வாங்குவதும் நோர்வேயின் வட கோடியில். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டிப் பார்க்காது, கோடையில் இரண்டு மாதம் மறையாது. அங்கேயுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் மனித உடம்பின் மரபணுக்கள் எந்த வேளையில், எந்தப் பருவத்தில் விழித்து வேலை செய்கின்றன, எப்போது ஓய்ந்து கிடக்கின்றன என்று பார்க்கிறோம். ரத்தத்தை வைத்துத்தான் பார்ப்பது. எங்கள் குழாய்க்குள் இருக்கும் திரவம், ரத்தம் விழுந்த கணத்தில் அதன் வெள்ளணுக்கள் என்ன செய்துகொண்டிருந்தனவோ அதை அப்படியே நிறுத்தி வைத்துவிடும்.

எங்கள் ஊர் உடம்புகளையே பார்த்துச் சலித்துப்போன பேராசிரியர், சூரியனோடு எழுந்து சூரியனோடு படுக்கும் மனிதர்களின் ரத்தம் வேண்டும் என்றார். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் கல்வராயன் மலை என் தலையில் விழுந்தது. போன வருடம் சித்திரை வெயிலில் ஒருமுறை போனேன், ஐப்பசி மழையில் மறுமுறை போனேன். மலைக்காரர்களில் சம்மதித்தவர்களிடம், இரண்டு முறையும் அதே ஆட்களிடம், விடியலில் ஒரு குழாயும் அந்தியில் ஒரு குழாயுமாக வாங்கி வந்தேன்.

எல்லோர் ரத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டது, அண்ணாமலை என்பவரின் ரத்தத்தைத் தவிர. சித்திரையில் ஊரோடு ஒத்துப்போன மனிதர், ஐப்பசியில் தலைகீழாக நின்றார். விடியலில் எழ வேண்டிய மரபணுக்கள் அவருக்கு அந்தியில் எழுந்திருந்தன. அந்தியில் எழ வேண்டியவை விடியலில் ஆட்டம் போட்டன. அவருடைய இரண்டு குழாய்களிலும் பெயர்ச்சீட்டு இடம் மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். அப்படியானால் மற்றவர்களுடையது மாறவில்லை என்பதற்கு யார் சாட்சி? ஒட்டியவள் நான். மொத்த மலை ரத்தத்தையும் கழித்துவிட்டு வேறொரு நாட்டில் புதிதாகத் தொடங்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. தொடங்குபவர் வேறொருவராக இருப்பார் என்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒரு வாரம் தருகிறேன்" என்றார் பேராசிரியர். "அந்த மனிதரைப் பார்த்து என்ன நடந்ததென்று தெரிந்துகொண்டு வா."

பயத்தோடுதான் பெட்டி கட்டினேன் என்று எழுதினால் அது பொய். பயம் ஒரு பங்கு, ஐப்பசி மழையை மறுபடி பார்க்கப்போகிற குதூகலம் மூன்று பங்கு.

சென்னையில் ஏறிய திருச்சி பஸ் உளுந்தூர்பேட்டை ஊருக்குள் போகாது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. "பைபாஸ்ல எறங்கிக்கம்மா. உள்ள போவாது" என்று கண்டக்டர் சொன்னபோது பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் அதற்குத் தயாராகவே எழுந்து நின்றார்கள். லாரிகளுக்கு நடுவே இறக்கிவிடப்பட்டேன். ஒரு கையில் பயணப் பை, இன்னொரு கையில் வெற்றுக் குழாய்கள் அடங்கிய வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி.

நெடுஞ்சாலையோர உணவகத்தில் சாப்பாடு முடிந்து மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அப்போதுதான் அகோரப் பசி. மூளை ஒரு வழியாக ஊர் நேரத்துக்கு வந்துவிட்டாலும் ஈரல் வராது. அதற்குத் தனிக் கடிகாரம் உண்டு, அது சூரியனைவிடச் சாப்பாட்டைத்தான் பார்க்கும். அதன் கடிகாரத்தைத் திருப்பவேண்டும் என்ற விஞ்ஞான நோக்கத்தோடு மூன்று பரோட்டா சாப்பிட்டேன். நான்காவதற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொரு பஸ் பிடித்துப் போய் இறங்கிய கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அமுதா காத்திருந்தாள். அந்த ஊர்க் கருணாபுரத்துக்கு அடுத்த தெருக்காரி, நர்ஸ். போன வருடம் ஊசி போட்டு ரத்தம் எடுத்தது அவள்தான்.

"இன்னாக்கா இப்டி எளைச்சிட்டீங்க?" என்றாள். நான் இளைக்கவில்லை. பாசத்தில் சொல்வது.

கதையைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாறவே இல்லக்கா. நான் எடுத்தேன், நீங்க ஒட்டுனீங்க, நான் பாத்துக்கினுதான இருந்தேன். உங்க சாருகிட்ட சொல்லுங்க."

"சொன்னனான். சாட்சி வேணுமாம்."

"அப்ப நான் இன்னா, சாட்சி இல்லியா?"

மரபணு என்றால் உடம்போடு பிறந்தது, அது எப்படி வேளைக்கு வேளை மாறும் என்று அவளுக்கு ஒரு வருடமாகச் சந்தேகம். பேருந்து நிலையத்தையே காட்டினேன். விடிகாலையில் இட்லிக் கடைக்காரர் கதவைத் தூக்குகிறார். சாயங்காலம் அவர் கடை மூடிக் கிடக்கும், பக்கத்தில் பரோட்டாக் கல் சூடாகும். மழை வந்தால் குடைக் கடை முன்னுக்கு வரும், வெயிலில் அதே இடத்தில் நுங்கு. கட்டடங்கள் மாறுவதில்லை, எந்தக் கடை எப்போது திறந்திருக்கிறது என்பதுதான் மாறுகிறது. மரபணுக்களும் அப்படித்தான். நாளுக்கு ஒரு முறை, பருவத்துக்கு ஒரு முறை. மழைக்காலத்தில் நோயை எதிர்க்கும் மரபணுக்கள் பல சேர்ந்து கடை திறக்கும். எங்கள் ஊரில் அதே வேலை குளிர்காலத்தில் நடக்கும்.

"அண்ணாமலைக்கு மட்டும் காலையில பரோட்டாக் கடை தெறந்துக்கிச்சா?" என்றாள்.

"அதுதான் பிரச்சினை."

மறுநாள் காலை வெள்ளிமலை பஸ். மலைக்குப் போகிற பஸ் என்றால் அது பாதி சரக்கு வண்டி. கோழி, வாழைக்கன்று, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர். எங்கள் பெட்டியை டிரைவர் பக்கத்தில் வைத்தோம்.

கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றது. கடையில் அப்போதுதான் போண்டா எண்ணெயிலிருந்து எழுந்து வந்தது. மேலே எழுதத் தேவையில்லை. நாங்கள் இரண்டாவது போண்டாவில் இருந்தபோது பஸ் கிளம்பிப் போனது.

நோர்வேயில் பஸ் யாருக்காகவும் நிற்காது, அதனால் யாரும் இறங்குவதில்லை. இங்கே காலையிலிருந்து அந்த பஸ் எல்லோருக்காகவும் நின்றது. ஆட்டோடு ஓடிவந்த அம்மாவுக்கு நின்றது, மறந்த செல்போனை எடுக்கப் போனவருக்கு நின்றது. எனக்கு மட்டும்தான் நிற்கவில்லை.

"அக்கா, பெட்டி" என்றாள் அமுதா, வாயில் போண்டாவோடு.

அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து ஒரு குட்டியானை வந்தது. பயந்துவிட வேண்டாம், சின்னச் சரக்கு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். மேலே போகும்போது மளிகை ஏற்றிப் போகும், கீழே வரும்போது மரவள்ளிக் கிழங்கு. முருகேசன் என்கிற டிரைவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறுங்க. முன்னாடி ஒரு ஆளுக்குத்தான் எடம். இன்னொருத்தரு மூட்டை மேல குந்திக்கணும்."

மூட்டையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கோமுகி அணையைக் கடந்து மலை ஏறுவதுபோல ஒரு பயணம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் கீழே இருக்கும் சமவெளி கொஞ்சம் விரிந்தது. மேகம் சாலையின் குறுக்கே வந்து என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனது. சந்தோஷத்தில் கத்திப் பாடினேன். முன்னால் இருந்தவர்கள் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து வண்டியை நிறுத்தினார்கள்.

கரியாலூருக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் பஸ் எதிரே வந்தது. மேலே போய் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. முருகேசன் ஹாரன் அடித்தார். பஸ்ஸும் அடித்தது. நான் மூட்டை மேல் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தபடி எனக்குக் கையாட்டினார்கள். பெட்டி அவர்களோடு கீழே போய்விட்டது.

வெள்ளிமலை சேர்ந்ததும் அமுதா எங்கெங்கோ விசாரித்துக் கண்டக்டரின் எண்ணைப் பிடித்தாள். பதில் போனின் ஒலிபெருக்கியில் கேட்டது. "வெள்ள டப்பாதான? ஆளில்லாம கெடந்துச்சி. மீன் டப்பான்னு மீன் கடையில குடுத்துட்டேம்மா."

அவர்மேல் தப்பில்லை. கள்ளக்குறிச்சி மீன் கடையிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் இதே மாதிரிப் பெட்டியில் மலைக்கு மீன் வரும். காலிப் பெட்டி பஸ்ஸிலேயே கீழே போகும். ஆளில்லாத வெள்ளைப் பெட்டி மீன் கடைக்குப் போவதுதான் இந்த மலையின் வழக்கம். நாளைக்கு அனுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுத்தோம். வெற்றுக் குழாய்கள்தானே, அவசரமில்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அண்ணாமலையின் ஊருக்கு நடந்தோம். வெள்ளிமலையிலிருந்து இறங்கி ஏறினால் சரிவில் சில வீடுகள். சரிவு முழுக்கச் சாமை முற்றித் தலை கவிழ்ந்து நின்றது. மேகம் கறுத்துக் கிடந்தது. வழியில் நின்றவர்கள் எல்லோரும் வானத்தையே பார்த்தார்கள்.

அண்ணாமலையின் மனைவி சின்னப்பொண்ணு வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தட்டில் வெந்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் வந்துவிட்டன. நோர்வேயில் நாங்கள் உருளைக்கிழங்கை வேகவைத்து வெண்ணெய் போட்டுக் கும்பிடுவோம். இந்தக் கிழங்கைத் துவையலில் தொட்டு ஒருமுறை தின்றால் அந்தப் பக்தி கலைந்துவிடும்.

"அண்ணை எங்கை?" என்றேன்.

"உள்ள தூங்கறாரு."

உச்சிவேளை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஜன்னல் இல்லாத வீடு, உள்ளே கும்மிருட்டு. கம்பளியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதர் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார்.

"உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு இன்னா, நல்லாத்தான் இருக்காரு. ராவெல்லாம் பரண்ல குந்திக்கினு இருந்துட்டு விடிஞ்சிதான வந்தாரு."

கையிலெடுத்த கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சின்னப்பொண்ணு சரிவின் மேல்புறம் கையைக் காட்டினார். சாமைக்கு நடுவே கம்பு நட்டுக் கட்டிய உயரமான பரண் ஒன்று தெரிந்தது. கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுப்புவரை காட்டுப்பன்றி இறங்கும். ஒட்டி ஒட்டிக் கிடக்கிற கொல்லைகளுக்கெல்லாம், அதாவது மலை வயல்களுக்கெல்லாம் சேர்த்து ஒருவர் காவல். அவர் ராத்திரி முழுக்கப் பரணில் விழித்திருந்து கூவ வேண்டும். கூலி கிடையாது. அதற்குப் பதிலாக அறுப்பு நாளில் ஊரே வந்து முதலில் அவர் கொல்லையை அறுத்துக் கொடுக்கும்.

"வருசா வருசம் இவருதானா?"

"மூணு நாலு வருசமா இவருதான். அவரு மாதிரி கூவறதுக்கு வேற யாருக்கும் தொண்டை இல்லீங்க."

"போன வருஷம் நாங்கள் வந்தபோதும்?"

"அப்பவுந்தான்."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அமுதாவின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினேன். போன ஐப்பசியில் பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. விடியலில் கம்பளி போர்த்தி, கண் சிவந்து, கொட்டாவி விட்டபடி வந்து கை நீட்டினார். ஊரே அந்தக் குளிரில் அப்படித்தான் வந்தது. மற்றவர்கள் தூங்கி எழுந்த கோலம், இவருக்கு அது தூங்கப்போகிற கோலம். அந்தியில் முகம் கழுவிக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். ராச்சாப்பாடு என்று நான் நினைத்தேன். அது அவருக்குக் காலைச் சாப்பாடு.

பேச்சுச் சத்தத்தில் அண்ணாமலை எழுந்து வந்தார். நெடிய ஆள், தணிந்த பேச்சு. இவரா கூவிப் பன்றி விரட்டுகிறவர் என்று இருந்தது.

"ஏன் அண்ணை, ஒருத்தரும் என்னட்டச் சொல்லேல்ல?" என்று ஏறக்குறைய அழுதேன்.

அவருக்கு விளங்கவில்லை. "எப்பவும் போல இருங்கன்னு நீங்கதான சொன்னீங்க டாக்டரம்மா. நானும் எப்பவும் போலதான் இருந்தேன்."

டாக்டர் இல்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். எப்போதும்போல இருக்கச் சொன்னது நான்தான் என்பதும் உண்மை. ராத்திரி வேலைக்குப் போவீர்களா என்றும் எல்லோரிடமும் கேட்டிருந்தேன், ஆலைகளை மனதில் வைத்து. காவலுக்குக் கூலி இல்லை, முதலாளி இல்லை. அதை வேலை என்று இந்த ஊரில் யாரும் கணக்கு வைப்பதில்லை.

ராத்திரி வேலை செய்கிற எல்லோருக்கும் மரபணுக்கள் இப்படி முழுதாகத் திரும்பிவிடாது. ஆலைக்காரர்களுக்குப் பாதி திரும்பும். வீட்டுக்கு வரும் வழியில் வெயில் படும், விடுமுறை நாளில் ராத்திரி தூங்குவார்கள், கடிகாரம் குழம்பி நடுவில் நிற்கும். பன்றிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. அண்ணாமலை வாரக்கணக்கில் ஒரு ராத்திரிகூட விடாமல் விழித்து, பகலில் இருட்டறையில் தூங்குகிறார். உலகத்தில் இப்படி ஓர் உடம்பைத் தேடிப் பிடிக்க எவ்வளவோ பேர் அலைகிறார்கள். எனக்கு அது கிழங்குத் தட்டோடு கிடைத்திருக்கிறது.

போன் எடுக்கும் இடம் அந்த ஊரில் ஒன்றே ஒன்று, மேட்டில் இருக்கும் புளியமரத்தடி. ஓடினேன். பேராசிரியர் முழுவதையும் கேட்டார்.

"அழகான விளக்கம்" என்றார். "விளக்கம் சாட்சி ஆகாது. காவலில் இருக்கும்போதே அவரிடம் மறுபடி எடு. அந்தியில் ஒன்று, விடியலில் ஒன்று. மற்றவர்கள் கண்முன்னால் ஒட்டு. அதுவும் தலைகீழாக வந்தால் பேசலாம்."

சந்தோஷமாக இறங்கி வந்து சொன்னேன். அண்ணாமலை வானத்தைப் பார்த்தார்.

"அப்ப இன்னிக்கே எடுத்துக்குங்க. இன்னிக்கு ராவோட காவல் முடியுது. மழை எறங்கறதுக்குள்ள நாளைக்கு அறுப்பு."

அறுத்துவிட்டால் பரண் இல்லை. பரண் இல்லாவிட்டால் அவர் ராத்திரி தூங்குவார். தூங்கினால் ரத்தம் திரும்பிவிடும். அடுத்த ஐப்பசிவரை யாரும் எனக்காகக் காத்திருக்கப்போவதில்லை. குழாய்களோ மீன் கடையில்.

அமுதா புளியமரத்தடியில் நின்று மீன் கடைக்காரரைப் பிடித்தாள். "தெறந்து பாத்தேம்மா, மருந்து மாதிரி இருந்துச்சி. கெட்டுடப் போவுதுன்னு ஐஸ் போட்டு வெச்சிருக்கேன்" என்றார் அவர் பெருமையாக. வெற்றுக் குழாய்க்கு ஐஸ் தேவையில்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

வெள்ளிமலைக்கு நடந்துபோய் நின்றோம். வர வேண்டிய நேரம் போய்விட்டது, பஸ் வரவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. இருட்டுவதற்கு முன் அவர் பரண் ஏறிவிடுவார். இந்தப் பயணத்தில் முதல்முறையாக உண்மையாகவே பயந்தேன். என் வேலையை நினைத்து மட்டுமல்ல. விடிகாலைக் குளிரில் கை நீட்டிய அத்தனை பேரின் ரத்தத்தையும் என் பேரால் குப்பையில் கொட்டப்போகிறார்கள்.

பஸ் வந்தது, ஒரு கல்யாணக் கூட்டத்தை முழுதாக ஏற்றிக்கொண்டு. எங்கள் பெட்டி, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாவின் மடியில் இருந்தது. "பத்திரமா குடுக்கச் சொன்னாரு. ஐஸ் தண்ணி ஒழுவி பொடவெயெல்லாம் நனஞ்சி போச்சி" என்று நீட்டினார். மன்னிப்புக் கேட்கக்கூட நிற்கவில்லை. முருகேசனின் குட்டியானை கிழங்கு ஏற்றக் காத்திருந்தது. கேட்காமலே கதவைத் திறந்தார். பாதை முடிகிற இடம்வரை அதில், மீதி ஓட்டமாக.

அண்ணாமலை பரணின் கீழே நின்றார். ஏணியில் ஒரு கால் இருந்தது.

"சீக்கிரம் ஆவட்டும். பன்னி நமக்கோசரம் நிக்காது" என்று கையை நீட்டினார்.

"ரத்தத்த எடுத்துட்டா கூவ முடியுமா இவருக்கு?" என்றார் சின்னப்பொண்ணு.

"கூவுறதுக்கு இன்னா, அது தொண்டைல இருக்குது, கையில இல்ல" என்றாள் அமுதா, ஊசியைப் பிரித்தபடி.

அதற்கு முன் வெப்பமானியை அவர் நாக்கின் கீழ் வைத்தேன். மனித உடம்பு தூங்கி எழும் வேளையில் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், சாயங்காலம் சூடேறியிருக்கும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் கடிகாரம் திரும்பியிருந்தால் இதுவும் திரும்பியிருக்கும். அமுதாவுக்கும் சின்னப்பொண்ணுக்கும் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இருவருக்கும் அதே மாதிரி வைத்துப் பார்த்தேன். அவர்கள் நான்கு பேரின் சூடும் மேலே. அண்ணாமலையுடையது மட்டும் கீழே.

ரத்தம் குழாயில் இறங்கியது. மீன் வாசனை அடித்த பெயர்ச்சீட்டை எல்லோர் முகத்துக்கும் நேரே காட்டி ஒட்டினேன். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் பேனாவை வாங்கி அதன்மேல் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. அவர் மேலே ஏறிப்போய் ஒரு கூவல் கூவினார். எதிர் மலை அதைத் திருப்பிக் கூவியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்றியாக இருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

விடியலில் ஊரே அரிவாளோடு சரிவில் நின்றது. அண்ணாமலை கண் சிவந்து இறங்கி வந்தார். வெப்பமானியை வைத்தேன். இப்போது அவர் சூடு மேலே, எங்கள் எல்லோருடையதும் கீழே.

சாமைக் கொல்லையில் நான் ஆடிய ஆட்டத்தை அமுதா செல்போனில் பிடித்து வைத்திருக்கிறாள். அதை யாருக்கும் காட்டமாட்டாள் என்று நம்புகிறேன். இரண்டாவது குழாயையும் எல்லோர் முன்னாலும் ஒட்டினோம்.

"அறுப்பு முடிஞ்சா ராவுல தூங்கிடுவேன்" என்றார் அண்ணாமலை, கையில் வைத்த பஞ்சை அழுத்தியபடி. "அப்ப இந்த ரத்தம் திரும்பிக்குமா?"

"திரும்பும், அண்ணை. கொஞ்ச நாள் பிடிக்கும்."

"நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லியே?"

"இல்லை. தூங்கினால் போதும்."

அவர் வரப்போரம் கம்பளியை விரித்துப் படுத்தார். காவல்காரர் தூங்க, ஊர் அவருடைய கொல்லையை அறுத்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. நானும் ஓர் அரிவாள் வாங்கி நாலு பிடி அறுத்தேன். என் அறுப்பைப் பார்த்துச் சின்னப்பொண்ணு அரிவாளைப் பக்குவமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு, சமைக்கிற இடத்தைக் காட்டினார். அங்கே நான் செய்த உதவி, சாமைச் சோற்றை ருசி பார்த்தது. மழை மத்தியானம்தான் இறங்கியது. கதிர் முழுக்க வீடு சேர்ந்துவிட்டது.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் சூரியன் அந்த வருடத்துக்கான கடையை மூடத் தொடங்கியிருந்தது. குழாய்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். டிசம்பரில் ஒரு மத்தியானம் பேராசிரியர் கூப்பிட்டார். திரையில் போன வருடத்து அண்ணாமலையும் இந்த வருடத்து அண்ணாமலையும் அச்சு மாறாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தார்கள், இருவரும் ஊருக்குத் தலைகீழாக. இன்னொன்றையும் காட்டினார். மழைக்காலத்தில் எழும் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் அவருக்கும் ஊரோடு சேர்ந்தே எழுந்திருந்தன. பருவம் அவருக்கும் ஊருக்கும் ஒன்று, நாள் மட்டும் அவருக்குத் தனி.

"கை தவறவில்லை" என்றார் பேராசிரியர். கழிக்க வேண்டியவை என்று தனியே வைத்திருந்த மலைக் குழாய்களை அவரே உறைபெட்டியில் பழைய இடத்தில் அடுக்கினார். நான் அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டியையே தந்தார்.

உடனே போன் போட்டேன். மூன்று மணிக்கே வெளியில் கும்மிருட்டு. அங்கேயும் இருட்டியிருக்கும். சின்னப்பொண்ணுதான் எடுத்தார். மேட்டில் செல்போன் கோபுரம் வைத்துவிட்டார்கள், இப்போது வீட்டுக்குள்ளேயே எடுக்கிறது என்றார்.

"அக்கா, அண்ணையிட்டக் குடுங்கோ. நல்ல சேதி ஒண்டு."

"அவரு தூங்கிட்டாருங்க. அறுப்பு முடிஞ்சிதுல்ல, இப்பல்லாம் வெளக்கு வெச்சதும் படுத்துடறாரு. எழுப்பட்டுமா?"

"வேண்டாம் அக்கா, எழுப்பாதேங்கோ. விடிஞ்ச பிறகு எடுக்கிறன்."

சரிங்க என்றார். ஆனால் போனை வைக்கத் தெரியாமல் அப்படியே கீழே வைத்துவிட்டார் போல. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது, நீளமாக, நிதானமாக. நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.